பெல்லாரி கலெக்டரின் கிளி

1822 ஜூனில் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ தம் கலெக்டர்களிடம் ஒரு கணக்குக் கேட்டார். உங்கள் மாவட்டத்தில் எத்தனை பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, யார் படிக்கிறார்கள், என்ன படிக்கிறார்கள்? பலர் அட்டவணையை நிரப்பி அனுப்பியதோடு சரி. பெல்லாரி கலெக்டர் ஏ.டி. கேம்பெலோ 1823 ஆகஸ்டில் விரிவாகவே எழுதினார். பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகும் சிக்கனத்தை மெச்சினார். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை இங்கிலாந்து பார்த்துப் பின்பற்றியது தகும் என்றார். கூடவே ஒரு குத்தலும் இருந்தது. அடுக்கடுக்காகச் செய்யுள் ஒப்பிக்கும் பையனுக்கு அதன் பொருள், சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொல்லும் கிளிக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தெரியும் என்றார் அவர்.

பெல்லாரியில் அன்று புழங்கியது கன்னடமும் தெலுங்கும். ஆனாலும் கேம்பெலின் கிளி தமிழ்நாட்டுத் திண்ணைகள் வரை பறந்து வந்தது. புரியாத நெட்டுரு, இயந்திரத்தனமான மனப்பாடம் என்ற குற்றச்சாட்டு திண்ணைப் பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்து அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஏறத்தாழ இருநூறு ஆண்டு கழித்து அதே பறவை வேறொரு கூண்டில் வந்து உட்கார்ந்தது. 2021-இல் எமிலி பெண்டர், டிம்னிட் கெப்ரு முதலியோர் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று, மனிதரைப் போல எழுதும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைக் கிளி என்று அழைத்தது. எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்ற வாய்ப்புக் கணக்கை வைத்துப் பேசுகின்றனவே தவிர, பொருளறிந்து பேசுவதில்லை என்பது கட்டுரையின் வாதம். அது முழுக்கச் சரியா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நமக்கு வேண்டியது வேறு. இப்போது நிஜமாகவே ஓர் இயந்திரம் வந்து மனப்பாடம் செய்கிறது. ‘இயந்திரத்தனம்’ என்று திண்ணைக்குக் கொடுத்த பட்டத்தைச் சரிபார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது.

திண்ணைப் பள்ளிக்கூடத்துக்கென்று கட்டடம் வேண்டியதில்லை. வசதியுள்ள ஒருவர் வீட்டுத் திண்ணையோ கோயில் மண்டபமோ மரத்தடியோ போதும். வாத்தியாருக்குரியது காசாகவும் நெல்லாகவும் பிள்ளைகள் வீட்டிலிருந்து வரும். புதிதாகச் சேர்ந்தவன் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதுவான். எழுதும்போதே எழுத்தை உரக்கச் சொல்ல வேண்டும். விரல், கண், வாய், காது நான்கும் ஒரே நேரத்தில் ஒரே எழுத்தின் மேல் வேலை செய்யும். கை தேறிய பிறகுதான் பனையோலையும் எழுத்தாணியும் கிடைக்கும்.

இந்த மணலைத்தான் ஆண்ட்ரூ பெல் பார்த்தார். 1789-இல் எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் விடுதிக்குப் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் அவர். ஒருநாள் காலை குதிரையில் போகும்போது உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு, தம் விடுதியிலும் அப்படியே செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் முறுக்கிக்கொண்டார்கள். அவர் எட்டு வயது ஜான் ஃப்ரிஸ்கன் என்ற பையனை வகுப்புக்குப் பொறுப்பாக்கினார், வேலை நடந்தது. 1797-இல் லண்டனில் அதைப் புத்தகமாகவே போட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் மூத்த மாணவனான நம் சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போய் ‘மானிட்டர்’ ஆகித் திரும்பி வந்தது இப்படித்தான்.

எழுத்துக்குப் பிறகு எண். திண்ணைப் பள்ளியின் உண்மையான கெட்டி அங்கேதான் இருந்தது. பொன்னிலக்கம் என்ற சுவடி பின்னங்களைக் கற்றுத்தரும். அதன் அடிப்படை அலகு முந்திரி, அதாவது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. இரண்டு முந்திரி ஓர் அரைக்காணி. இரண்டு அரைக்காணி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா. ஐந்து மா ஒரு கால். நெல்லிலக்கம் முகத்தல் அளவைக்கானது. 360 நெல் ஒரு செவிடு, ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, பிறகு உழக்கு, உரி, நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம் என்று அது ஏறிக்கொண்டே போகும். நாழிக்கு 14,400 நெல் என்பது பையன் தானே போட்டுப் பார்த்துக்கொள்ளக்கூடிய கணக்கு. பெருக்கல் வாய்பாடுகளுக்கு எண்சுவடி.

இதெல்லாம் வெறும் ஒப்பிப்பா? ஒரு சின்னக் கணக்கு. படி ஏழணா விலையில் பன்னிரண்டு படி அரிசிக்கு என்ன ஆகும்? ஏழணா என்பது ரூபாயில் ஏழு மாகாணி. மாகாணி பதினாறில் ஒன்று. திண்ணையில் படித்தவன் ஏழைப் பன்னிரண்டால் பெருக்கிப் பதினாறால் வகுக்கத் தேவையில்லை. ஏழு மாகாணி என்பது காலே அரைக்காலே மாகாணி. பன்னிரண்டு கால் மூன்று. பன்னிரண்டு அரைக்கால் ஒன்றரை. பன்னிரண்டு மாகாணி முக்கால். ஆக, ஐந்தேகால் ரூபாய். அரிசியை அளந்து முடிப்பதற்குள் விடை வாயில் நிற்கும். மனப்பாடம் செய்தது வாய்பாட்டை மட்டும்தான். ஏழை மூன்றாக உடைப்பதும், உடைத்ததைத் தனித்தனியே பெருக்கிச் சேர்ப்பதும் அவன் அந்த நிமிடத்தில் செய்கிற வேலை. தென்னிந்தியக் கணித வரலாற்றை ஆராய்ந்த து. செந்தில் பாபு, திண்ணைப் பள்ளியில் நினைவு என்பது சேமிப்பு அல்ல, அதுவே கற்கும் முறை என்று வாதிடுவது இந்த இடத்தில் எளிதாகப் புரிகிறது.

இப்போது இயந்திரத்தின் மதிப்பெண் பட்டியலைப் பார்க்கலாம். 2020-இல் ஓப்பன்ஏஐ நிறுவனம் ஜிபிடி-3 மாதிரியை அறிமுகப்படுத்திய கட்டுரையில் தானே வெளியிட்ட எண்கள் இவை. இரண்டிலக்கக் கூட்டலில் நூற்றுக்கு நூறு. மூன்றிலக்கத்தில் 80.4 சதவீதம். நான்கிலக்கத்தில் 25.5. ஐந்திலக்கத்தில் வெறும் 9.3. இரண்டிலக்க எண்கள் இரண்டைப் பெருக்கச் சொன்னால் 29.2 சதவீதம்தான் சரி. கூட்டல் என்பது இலக்கம் கூடினாலும் மாறாத ஒரே வழி. அந்த வழி கைவந்தவன் ஐந்திலக்கத்தில் சற்று நேரம் கூட எடுத்துக்கொள்வான், இரண்டொரு தடவை தவறவும் செய்வான். இப்படிப் படுத்துவிட மாட்டான். மாதிரிக்கு எண்ணும் ஒரு சொல்லைப் போலத்தான். எண்ணைத் துண்டு துண்டாக வெட்டி, அடுத்து எந்தத் துண்டு வரும் என்று ஊகிக்கிறது. அதற்குப் பின் வந்த மாதிரிகள் கணக்கைப் படிப்படியாக எழுதிப் பார்க்கவும், தேவைப்பட்டால் கணிப்பான் நிரல் ஒன்றை அழைக்கவும் பழக்கப்படுத்தப்பட்டன. கணக்கும் வெகுவாகத் தேறியது. படிப்படியாகச் சொல்லிப் பார்ப்பது என்பது திண்ணையில் முதல் நாளிலிருந்தே இருந்த வழக்கம்.

பழைய சோதனை ஒன்று இதைவிட நேராகத் திண்ணையோடு பேசுகிறது. 1989-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் மெக்லாஸ்கியும் நீல் கோஹனும் ஒரு சிறிய நரம்பு வலையமைப்புக்கு வாய்பாடு சொல்லிக்கொடுத்தார்கள். முதலில் ஒன்றைக் கூட்டும் வாய்பாடு, மொத்தம் 17 கணக்குகள். ஒன்றும் ஒன்றும் இரண்டு என்பதிலிருந்து ஒன்பதும் ஒன்றும் பத்து வரை வலையமைப்பு பிழையில்லாமல் கற்றுக்கொண்டது. அடுத்து இரண்டைக் கூட்டும் வாய்பாடு. இரண்டாம் பாடம் ஏற ஏற முதல் பாடம் அழிந்துகொண்டே வந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாக மங்கும் மனித மறதி அல்ல; புதுப்பாடம் தொடங்கிய சில சுற்றுகளிலேயே பழைய பாடம் போய்விட்டது. ‘பேரழிவு மறதி’ என்றே துறையில் அதற்குப் பெயர் விழுந்தது.

காரணம் எளிது. வலையமைப்பில் ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனி இடம் கிடையாது. கற்றது அத்தனையும் ஒரே இணைப்பு எடைகளில் கலந்து கிடக்கிறது. புதிதாக ஒன்றைக் கற்க அந்த எடைகளைத் திருத்தும்போது பழையதும் சேர்ந்து கலைந்துவிடுகிறது. இன்றைய பெரிய மாதிரிகளுக்கு எல்லாப் பாடத்தையும் கலந்துகட்டி முதலிலேயே புகட்டி, பிறகு எடைகளை உறையவைத்துவிடுவது பொதுவான வழி. உறைந்த பிறகு நாம் சொல்வதெல்லாம் அந்த உரையாடலின் எல்லைக்குள்தான் நிற்கும். தனியே எங்காவது குறித்துவைத்து அடுத்த முறை எடுத்துக் கொடுத்தால் ஒழிய, மாதிரிக்கு நேற்று என்று ஒன்று இல்லை.

மனித மூளை இந்தச் சிக்கலைத் தீர்த்த விதத்தை 1995-இல் மெக்லெலண்ட், மெக்நாட்டன், ஓரெய்லி மூவரும் விளக்க முயன்றார்கள். மூளையின் உட்பகுதியில் உள்ள ஹிப்போகாம்பஸ் புதியதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறது. மேற்புறணி மெதுவாகக் கற்கிறது. ஹிப்போகாம்பஸ் தான் பிடித்ததைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்காட்ட, பழையதோடு புதியது கலந்து புறணியில் படிகிறது. திண்ணைப் பிள்ளைக்கோ இந்தக் கலப்பு தினசரி வேலை. பழைய பாடத்தை முறை சொல்லி முடித்த பிறகுதான் புதுப்பாடம்.

உ.வே. சாமிநாதையர் தம் இளமைக்காலப் பள்ளியைப் பற்றிச் சொல்லும் வழக்கம் ஒன்று உண்டு. மாலையில் வீட்டுக்கு அனுப்பும்போது உபாத்தியாயர் பிள்ளைகளுக்குப் பூ, பறவை, விலங்கு, ஊர் என்று பெயர்களைச் சொல்லி அனுப்புவார். இரவெல்லாம் மறக்காமல் வைத்திருந்து மறுநாள் காலை சொல்ல வேண்டும். பொருளற்ற விளையாட்டுப் போலத்தான் தோன்றும். 1924-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸும் டாலென்பாக்கும் இரண்டு மாணவர்களுக்கு அர்த்தமில்லாத அசைகளைக் கொடுத்து, தூங்கி எழுந்த பின்பும், விழித்திருந்த பின்பும் கேட்டுப் பார்த்தார்கள். தூங்கி எழுந்தால் மறதி குறைவு. 2006-இல் ரோடிகரும் கார்ப்பிக்கேயும் செய்த சோதனையில் ஒரு குழு பாடத்தை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களே முன்னால், 83-க்கு 71. ஒரு வாரம் கழித்துக் கணக்குத் தலைகீழ்: படித்தவர்களுக்கு 40 சதவீதம், நினைவுகூர்ந்தவர்களுக்கு 61. திண்ணை வாத்தியார் எந்த ஆய்வையும் படித்தவரில்லை. மறக்கத் தொடங்கும் நேரம் பார்த்துக் கேட்டால் பாடம் நிற்கும் என்பது அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது. மறதி அவருக்கு எதிரியே அல்ல. பாடத்திட்டத்தின் ஒரு பகுதி.

நினைவு ஒரே சரக்கு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1953-இல் வலிப்பு நோயைத் தீர்ப்பதற்காக ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கருக்கு மூளையின் இருபுறமும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் கடினமான வேலையை பிரெண்டா மில்னர் அவருக்குக் கொடுத்தபோது, நாளுக்கு நாள் கை தேறியது. முந்தைய நாள் வரைந்ததே அவருக்கு ஞாபகமில்லை. கைக்கு ஞாபகம் இருந்தது. உறைந்துபோன மொழி மாதிரியை மொலேசனோடு ஒப்பிடுவோர் உண்டு. அது மொலேசனுக்குச் செய்யும் அநியாயம். அவருடைய கை கற்றுக்கொண்டேதான் இருந்தது. மணலில் விரலை ஓட்டிய பிள்ளை கற்றதில் ஒரு பாதி அந்தக் கையில்தான் தங்கியது.

தீனியின் அளவும் ஒரு வித்தியாசம். ஜிபிடி-3-க்கு 17,500 கோடி எடைகள். அதைப் பயிற்றுவிக்க ஓட்டிய சொல்துண்டுகள் 30,000 கோடி. பதின்மூன்று வயதுக்குள் ஒரு பிள்ளை கேட்கும் சொற்கள் பத்துக் கோடியைத் தாண்டாது என்பது இந்தத் துறை ஆய்வாளர்கள் வைத்துக்கொள்ளும் உத்தேசக் கணக்கு. இவ்வளவு தின்றும் இயந்திரம் எதை அப்படியே விழுங்கி வைத்திருக்கிறது என்பது செய்தவர்களுக்கே தெரிவதில்லை. நிகோலஸ் கார்லினி குழுவினர் 2021-இல் வெளியிட்ட ஆய்வில் ஜிபிடி-2 மாதிரியைக் கிளறிக் கிளறி, பயிற்சித் தரவிலிருந்து 600-க்கும் மேற்பட்ட பகுதிகளை வரிக்கு வரி வெளியே எடுத்தார்கள். அவற்றில் தனியாட்களின் பெயரும் தொலைபேசி எண்ணும்கூட இருந்தன. சில வரிகள் மொத்தத் தரவில் ஒரே ஓர் ஆவணத்தில் வந்தவை. திண்ணையில் எந்தப் பையனுக்கு எந்த வரி எங்கே தட்டுகிறது என்பது வாத்தியாரின் காதுக்குத் தெரியும்.

இயந்திரத்துக்கு மிக அருகில் வருபவர் யார் என்று கேட்டால், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைத்தான் சொல்ல வேண்டும். மனத்தில் கிடந்த பழந்தமிழ்ச் செய்யுள்களின் பெருக்கிலிருந்து புதுச் செய்யுள் அவருக்கு வாயில் வந்துகொண்டே இருக்கும். மாணவர் பக்கத்தில் அமர்ந்து ஏட்டில் எழுதுவார். ஏராளமான பழம்பாட்டை உள்வாங்கிப் புதுப்பாட்டைத் தருவது இன்றைய மாதிரியும் செய்யும் வேலைதான். ஆனால் எந்த ஊர்க்காரர் கேட்டு இந்தத் தலபுராணம் பாடுகிறோம் என்பதும், பக்கத்தில் எழுதுகிறவன் எந்த இடத்தில் பின்தங்குகிறான் என்பதும் மகாவித்துவானுக்குத் தெரியும். கவனகம் இன்னொரு எல்லை. நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874-இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தினார். நூறு காரியங்களில் ஒரே அமர்வில் கவனம் வைக்கும் கலை அது. ஜிபிடி-3 ஒரே நேரத்தில் 2,048 சொல்துண்டுகளைக் கண்முன் வைத்திருக்கும். எதையும் நினைவில் பிடித்துவைக்க அது பாடுபட வேண்டியதில்லை. பாவலரைப் பார்க்கக் கூட்டம் கூடியதே அவர் பிடித்துவைக்க வேண்டியிருந்ததால்தான்.

திண்ணையைப் பொற்காலமாக்கவும் வேண்டாம். மன்றோ 1826-இல் தொகுத்த கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அவர்களில் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பல திண்ணைகளின் படியே எட்டாது. உள்ளே போனவனுக்குப் பிரம்பும், கயிற்றில் தொங்கவிடும் கோதண்டத் தண்டனையும் காத்திருந்தன. பயத்தில் ஏறிய பாடமும் நிறைய. பொருள் தெரியாமல் ஒப்பித்தார்கள் என்று கேம்பெல் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. செய்யுளைப் பொறுத்தவரை பொருள் வெகுநாள் பிந்தி வந்தது. சிலருக்கு வராமலே போயிருக்கும். ஆனால் நெல்லிலக்கம் ஒப்பித்த பையன் அறுவடைக்குக் களத்தில் போய் நின்று மரக்காலைக் கையில் பிடித்தான். பொய்யாக அளந்தால் திட்டு விழும் என்பது அவனுக்குத் தெரியும். மாதிரி மரக்கால் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வரும் சொற்களை அறியும். கேம்பெல் பார்த்தது கொடுமையும் பாகுபாடும் நிறைந்த ஒரு பள்ளியை. இயந்திரத்தை அல்ல.

அந்தப் பள்ளியை வென்றது அச்சுப் புத்தகமும், மானியம் வாங்கிய பள்ளியும், பரிட்சையும். வாய்பாடு மட்டும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. பதினாறணா ரூபாய் இருக்கும்வரை மாகாணிக்கும் அரைக்காலுக்கும் கடைத்தெருவில் வேலை இருந்தது. 1957 ஏப்ரல் 1 அன்று நூறு நயா பைசா ஒரு ரூபாய் ஆனது. அடுத்து மெட்ரிக் எடையும் அளவும் வந்தன. எண்சுவடி அச்சில் இன்றும் கிடைக்கிறது, அதை எந்த இயந்திரமும் படித்துக்கொள்ளும். மாகாணி வாய்பாட்டை எந்த ராகத்தில் இழுத்தார்கள், எந்த இடத்தில் மூச்சு விட்டார்கள், எங்கே பையன்கள் மொத்தமாகத் தடுக்கினார்கள் என்பது அச்சில் இல்லை. நயா பைசா வந்த ஆண்டில் பத்து வயதானவர்களுக்கு இப்போது எண்பது நெருங்குகிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து மாகாணி வாய்பாட்டைச் சொல்லச் சொல்லிக் கைபேசியில் பதிவு செய்துவையுங்கள்.